பாகற்காய் கோஷ்டியும் ஒரு சுரைக்காயும்

ஆலைகளின் முதலுதவி அறைக்குப் புதிதாக வேலைக்கு வந்திருக்கும் பிள்ளைகளுக்கு முதலில் ஒன்று சொல்லிவிடுகிறேன். நம்மிடம் வருகிறவர்களில் பாதிப்பேர் நோயைச் சொல்ல வருவதில்லை. தாங்களே கண்டுபிடித்த வைத்தியத்தைச் சொல்லி, அதற்கு நம் வாயால் ஒரு சபாஷ் வாங்கிக்கொண்டு போக வருகிறார்கள். காயத்துக்குக் கட்டுப் போடவும் ஊசி போடவும் உங்களுக்குப் படிப்பிலேயே சொல்லிக் கொடுத்திருப்பார்கள். இந்த சபாஷை எப்போது கொடுப்பது, எப்போது கொடுக்காமல் முறைப்பது என்பதை யாரும் சொல்லிக் கொடுக்க மாட்டார்கள். கும்மிடிப்பூண்டி தொழிற்பேட்டையில் ஓர் இரும்புக் கம்பி ஆலையில் ஓய்வு பெறுகிற வரை நான் முறைத்துக்கொண்டுதான் இருந்தேன். கட்டுப் போட்டது கொஞ்சம்தான்.

கசப்பு பற்றிச் சொல்லப் போகிறேன். அதற்கு முன்னால், கசப்புக்கு நான் எதிரி இல்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன். பொன்னேரி மார்க்கெட்டில் பிஞ்சுப் பாகற்காயைப் பார்த்தால் எனக்குக் கால் நகராது. சுண்டைக்காய் வற்றல் குழம்பு வைத்தால் எங்கள் வீட்டில் சட்டி கழுவ வேண்டிய அவசியமே இருக்காது, வழித்துச் சாப்பிட்டுவிடுவோம். வேப்பம்பூ ரசம், மணத்தக்காளிக் கீரை, வெந்தயம், எல்லாம் நல்ல சாமான்கள். பசியைக் கிளப்பும், வயிறு ஒழுங்காக இருக்கும், சோற்றை அளவோடு நிறுத்தச் செய்யும். பாகற்காய் சர்க்கரையைக் கொஞ்சம் இறக்கவும் செய்யும். அந்தக் 'கொஞ்சம்' என்ற வார்த்தையைத்தான் நம் ஆட்கள் காதிலேயே வாங்குவதில்லை. கறியாக நாலு துண்டு சாப்பிட்டால் நல்லது என்றால், கிளாஸ் கிளாஸாகக் குடித்தால் இன்னும் நல்லதுதானே என்று கேட்பார்கள். அப்படிக் கேட்டவர்களின் கதைதான் இது.

எங்கள் ஆலையில் டில்லிபாபு என்று ஒரு கிரேன் ஆபரேட்டர் இருந்தார். பழுக்கக் காய்ந்த இரும்புக் கட்டைகளைத் தூக்கிக்கொண்டு கூரைக்கு அடியில் ஓடுமே, அந்த கிரேன். அதன் கேபினுக்குள் ஏறி உட்கார்ந்துவிட்டால் அவர் ராஜா. கீழே நடக்கிற மேனேஜர்கூட அண்ணாந்து பார்த்து, கையைக் காட்டி அனுமதி வாங்கிக்கொண்டுதான் அந்தப் பக்கம் போக வேண்டும். அந்த மரியாதைக்காகவே அவர் லீவு போடுவதில்லை என்று மற்றவர்கள் கிண்டல் செய்வார்கள். அது உண்மையும்கூட.

ஒரு முறை வருடாந்திரப் பரிசோதனையில் அவருக்குச் சர்க்கரை எகிறியிருந்தது. வாரத்தில் இரண்டு நாள் வரும் கம்பெனி டாக்டர் மாத்திரை எழுதிக் கொடுத்துவிட்டு, "அடுத்த முறை பார்க்கும்போது இது குறையலைன்னா உங்களை மேலே ஏத்த முடியாது. மேலே உங்களுக்கு மயக்கம் வந்தா கீழே இருக்கிறவங்க கதி என்ன?" என்று சொல்லிவிட்டார். கிரேனை விட்டு இறக்கினால் ஸ்டோரில் உட்கார்ந்து கையுறை எடுத்துக் கொடுக்கும் வேலைதான் கிடைக்கும். டில்லிபாபு என் அறைக்கு வந்து பெஞ்சில் தொப்பென்று உட்கார்ந்தார். எனக்கே கஷ்டமாக இருந்தது.

அப்புறம் சொன்னார்: "இன்னா சிஸ்டர், இம்மாம் வருசம் மேல கீறேன். என்னை இட்டுகினு வந்து கையுறை எண்ண வெப்பாங்களா?"

"மாத்திரையை ஒழுங்காப் போடுங்க, காலை நாஷ்டாவை நேரத்துக்குச் சாப்பிடுங்க, தினமும் நடங்க. யாரும் உங்களை இறக்க மாட்டாங்க" என்றேன்.

"மாத்திரையா? ஆரம்பிச்சா சாவுற வரைக்கும் வுட முடியாது. மாத்திரை போடறவன்னு தெரிஞ்சாலே பேஷண்ட்டுன்னு முத்திரை குத்திருவானுங்க. நான் கசப்புலயே இத்த அடிச்சிக் காட்டறேன் பாரு."

போனில் வந்த ஏதோ ஒரு வீடியோவைப் பார்த்திருக்கிறார். மறுநாள் முதல் கேன்டீனில் பாகற்காய் ஜூஸ் ஓட ஆரம்பித்தது. கேன்டீன் மாஸ்டர் சாலமன் அத்திப்பட்டு பக்கம் பெரிய கேன்டீன்களில் சமைத்துவிட்டு வந்தவர். யார் எதைக் கேட்டாலும் இல்லையென்று சொல்லத் தெரியாதவர். டீ இடைவேளையில் டில்லிபாபு ஒரு கிளாஸ் கேட்டார், போட்டுக் கொடுத்தார். அவரைப் பார்த்து அதே செக்‌ஷனில் வேலை செய்யும் தேசிங்கு கேட்டார். தேசிங்கைப் பார்த்து இன்னும் மூன்று பேர் கேட்டார்கள். அப்படித்தான் கோஷ்டி சேர்ந்தது.

கோஷ்டிக்கு ஒரே ஒரு சட்டம். குடிக்கும்போது மூஞ்சி சுளிக்கக் கூடாது. கண்ணைச் சுருக்கினாலும் குற்றம், உதட்டைக் கோணினாலும் குற்றம். சுளித்தவர் அன்றைக்கு டீ கேனைத் தூக்கிக்கொண்டு செக்‌ஷன் முழுக்கப் போய் எல்லாருக்கும் ஊற்றிக் கொடுக்க வேண்டும். முதல் வாரத்தில் டீ கேன் கை மாறிக்கொண்டே இருந்தது. இரண்டாவது வாரத்தில் எல்லாரும் தேறிவிட்டார்கள். வேப்பிலை ஜூஸோ, நிலவேம்போ, எது கொடுத்தாலும் கல்யாண போட்டோவுக்கு நிற்கிற மாதிரி முகத்தை வைத்துக்கொண்டு குடித்தார்கள்.

டில்லிபாபு தலைவர் என்பதால் அவருக்கு மட்டும் ஒரு தனி முறை. கேன்டீன் வாசலுக்குப் போய், எல்லாருக்கும் முதுகைக் காட்டிக்கொண்டு, சூரியனைப் பார்த்து நின்று குடிப்பார். அப்படிக் குடித்தால்தான் சத்து ஏறும் என்று அவரே சொல்லியிருந்தார். காலி கிளாஸோடு திரும்பி வரும்போது முகத்தில் ஒரு சலனமும் இருக்காது. "இன்னா நெஞ்சு அழுத்தம்பா நைனாவுக்கு" என்று தேசிங்கு வாய் பிளப்பார்.

நான் தினமும் அவர் கிரேன் ஏறுவதற்கு முன்னால் விரலில் குத்திச் சர்க்கரை பார்ப்பேன். அது என் கண்டிப்பு. சொன்னால் நம்ப மாட்டீர்கள், அளவு நாளுக்கு நாள் இறங்கி, வர வேண்டிய இடத்தில் வந்து நின்றுவிட்டது. என் ஜன்னலுக்கு வெளியே கோஷ்டி கூடி நின்று கை தட்டும். "மாத்திரை போடறீங்களா?" என்று ஒவ்வொரு தடவையும் கேட்பேன். "சத்தியமா இல்ல சிஸ்டர். எல்லாம் கசப்பு பண்ற வேலை" என்று ஒவ்வொரு தடவையும் சொல்வார். எனக்கு நம்பிக்கை வரவில்லை. ஆனால் மீட்டரோடு நான் சண்டை போட முடியுமா?

எங்கள் எச்.ஆர். தம்பி திருநின்றவூரிலிருந்து வருவார். நல்ல பிள்ளை, ஆனால் எதையும் சுவரில் ஒட்டிவிடுகிற வியாதி உண்டு. பாதுகாப்பு வாரம் வந்தபோது டில்லிபாபு பச்சைக் கிளாஸைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு நிற்கிற படத்தைப் பெரிதாக அச்சடித்து, 'இயற்கையே மருந்து' என்று எழுதி, கேன்டீன் வாசலில் மாட்டிவிட்டார். அந்தப் படத்துக்குப் பிறகு டில்லிபாபுவிடம் நான் பேசவே முடியவில்லை. அவர் ஆலைக்கே வைத்தியராகிவிட்டார்.

இந்தச் சமயத்தில்தான் தேசிங்கு எனக்கு முதல் பாடத்தைக் கொண்டுவந்தார். அவருக்கும் சர்க்கரை உண்டு. அவர் மாத்திரையும் போட்டுக்கொண்டார், ஜூஸும் குடித்தார். அன்றைக்கு இன்னும் வேகமாகக் குறையட்டும் என்று நாஷ்டாவையும் விட்டுவிட்டார். மூன்றும் சேர்ந்து சர்க்கரையைப் பாதாளத்துக்கு இழுத்துக்கொண்டு போயிற்று. இரண்டு பேர் கைத்தாங்கலாகக் கொண்டுவந்தபோது சட்டை தொப்பலாக நனைந்திருந்தது, கை நடுங்கியது, சுவரில் மாட்டியிருந்த தீயணைப்பு சிலிண்டரைப் பார்த்து "வணக்கம் சார்" என்றார். குத்திப் பார்த்தேன். மீட்டர் காட்டிய அளவைப் பார்த்ததும் சர்க்கரைத் தண்ணீரைக் கலக்கி நீட்டினேன்.

வாயை இறுக மூடிக்கொண்டார். "சக்கரைக்காரனுக்குச் சக்கரை குடுக்கறியே, நீ நர்ஸா, எமனா?"

விளக்கம் சொல்கிற நேரமா அது? சொன்னாலும் ஏறாது. சர்க்கரை இறங்கிவிட்டால் மூளை பிடிவாதம் பிடிக்கும். கையைப் பிடித்துக்கொண்டு ஊற்றலாம் என்றால் புரை ஏறிவிடும். சட்டென்று ஒன்று தோன்றியது.

"தேசிங்கு, இது புதுசா வந்த கசப்பு மருந்து. டில்லிபாபுவே இதைக் குடிக்க முடியாம திணறிட்டாரு. மூஞ்சி சுளிக்காம உங்களால குடிக்க முடியுமா?"

கிளாஸைப் பிடுங்கி ஒரே மூச்சில் குடித்தார். முகம் கல்லுப் பிள்ளையார் மாதிரி இருந்தது. வாயைத் துடைத்துக்கொண்டு, "செம கசப்பு சிஸ்டர்" என்றார். கொஞ்ச நேரத்தில் தெளிந்து உட்கார்ந்து, உதட்டை நக்கிப் பார்த்து, "இன்னாத்துக்கு இனிப்பா கீது?" என்று கேட்டார். எனக்குச் சிரிப்பு தாங்கவில்லை. பின்னாலேயே நாலு பிஸ்கட்டைத் தின்னச் சொன்னேன். பிள்ளைகளே, அவருக்கு நினைவு இருந்தது, விழுங்கத் தெம்பு இருந்தது, அதனால் வாயில் கொடுத்தேன். நினைவு தப்பியவர் வாயில் ஒரு சொட்டுக்கூட ஊற்றிவிடாதீர்கள்.

சிரித்தேனே தவிர அன்றைக்கு எனக்குச் சோறு இறங்கவில்லை. இதே மயக்கம் டில்லிபாபுவுக்கு மேலே, கேபினில், இரும்புக் கட்டை தொங்கிக்கொண்டிருக்கும்போது வந்தால்? டாக்டரிடம் சொன்னேன். அடுத்த பரிசோதனை வரை பார்ப்போம், அதற்குள் ஒரு தடவை சர்க்கரை அளவுக்குக் கீழே இறங்கினாலும் கிரேனை விட்டு எடுத்துவிடலாம் என்றார். டில்லிபாபுவிடமும் அதைச் சொன்னேன். அவர் சிரித்துக்கொண்டே, "எனக்கெல்லாம் வராது சிஸ்டர்" என்றார். அவ்வளவு நிச்சயமாக எப்படிச் சொன்னார் என்று அப்போது எனக்குப் புரியவில்லை.

பரிசோதனைக்கு முந்தின வாரம் அது நடந்தது. டில்லிபாபு வீட்டு மதிலோரம் ஒரு சுரைக்கொடி தானாக முளைத்துக் காய்த்திருந்தது. அதில் நாலு காய்களைப் பறித்து அவர் மனைவி கோஷ்டிக்காகக் கொடுத்து அனுப்பினார். உடம்புச் சூட்டுக்குச் சுரைக்காய் ஜூஸ் நல்லது என்று அதற்கும் ஒரு வீடியோ இருந்தது. சாலமன் தோலைச் சீவி, மிக்ஸியில் அடித்து, மிளகுத்தூள் போட்டு, பெரிய ஜக்கில் ஊற்றி வைத்தார்.

தேசிங்குதான் முதல் வாய் குடித்தார். அசையாமல் நின்றார். அப்புறம், "மாஸ்டர், இன்னிக்குத்தான்யா ஒரிஜினல் சரக்கு! பாவக்கா எல்லாம் இதுக்கு முன்னாடி பாயசம்" என்று சொல்லி இரண்டாவது கிளாஸ் வாங்கினார். மற்ற மூவரும் விடுவார்களா? முகத்தில் ஒரு சுருக்கம் இல்லாமல் முழுதாகக் குடித்தார்கள். டில்லிபாபு வழக்கம்போல வாசலுக்குப் போய் சூரியனைப் பார்த்து நின்றுவிட்டு, காலிக் கிளாஸோடு வந்து, கிரேன் ஏறிப் போய்விட்டார்.

சுரைக்காயை வாயில் போட்டிருக்கிற எவருக்கும் தெரியும், அது கசக்காது. வேறு எந்த ஊரில், எந்த வீட்டில் கொடுத்திருந்தாலும் முதல் வாயிலேயே தூ என்று துப்பியிருப்பார்கள். துப்பக் கூடாது என்று மாதக்கணக்கில் பயிற்சி எடுத்திருந்த ஆட்கள் எங்கள் ஆலையில்தான் இருந்தார்கள்.

டீ இடைவேளை முடிந்து கொஞ்ச நேரத்தில் என் அறை வாசலில் நாலு பேரும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு நின்றார்கள். ஒருவர் மாற்றி ஒருவர் வாந்தி. அதிலும் பெருமை வேறு.

"ஒண்ணும் இல்ல சிஸ்டர்" என்றார் தேசிங்கு, வாளியிலிருந்து தலையைத் தூக்கி. "உள்ள கீற கழிவெல்லாம் வெளிய வருது. மருந்து வேலை செய்து."

"மருந்தா? என்ன குடிச்சீங்க?"

"சொரக்கா ஜூஸு. ஒரிஜினல் சரக்கு, நான் மட்டும் ரெண்டு கிளாஸு. அதுக்கும் இதுக்கும் சம்மந்தம் இல்ல சிஸ்டர். தலைவரும்தான் குடிச்சாரு, ஜம்முனு மேல குந்திகினு கீறாரு."

இந்த இடத்தில்தான் எனக்குக் கை கட்டிப்போட்ட மாதிரி ஆயிற்று. நாலு பேருக்கும் பொது என்ன? காலை நாஷ்டா பொங்கல், அதை ஷிஃப்ட்டில் இருந்த எல்லாரும் சாப்பிட்டார்கள். தண்ணீரும் எல்லாரும் குடித்ததுதான். ஜூஸ்தான் என்று மனசு சொல்லியது. ஆனால் ஐந்தாவது ஆள் குடித்துவிட்டு ஒன்றுமில்லாமல் மேலே ஓட்டிக்கொண்டிருக்கிறாரே. எச்.ஆர். தம்பி ஓடிவந்து, "சிஸ்டர், உலையிலேர்ந்து கேஸ் லீக்கா இருக்குமோ? எல்லாரையும் வெளியே அனுப்பிடவா?" என்று வெளிறிப்போய்க் கேட்டார். அவர் சொன்னதையும் தள்ளிவிட முடியவில்லை. கேஸ் என்றால் உள்ளே இருக்கிற அத்தனை பேருக்கும் ஆபத்து.

காரணம் தெரிகிற வரை காத்திருக்காமல் ஆம்புலன்ஸுக்குச் சொல்லிவிட்டேன். அதை மறக்காதீர்கள், பெயர் தெரியாத நோய்க்கும் வண்டி வரும். தேசிங்கைப் படுக்க வைத்துக் காலைத் தூக்கி வைத்தேன். ரத்த அழுத்தம் இறங்கிக்கொண்டே வந்தது. உள்ளங்கை சில்லிட்டிருந்தது. பேச்சை நிறுத்திவிட்டார். தேசிங்கு பேச்சை நிறுத்தியது எனக்கு மீட்டர் காட்டுகிற எல்லாவற்றையும்விட பயமாக இருந்தது. மருத்துவமனைக்குப் போன் போட்டால், அங்கிருந்த டாக்டர், "என்ன உள்ளே போச்சு? கேஸா, சாப்பாடா? அதைச் சொல்லுங்க முதல்ல" என்றார்.

டில்லிபாபுவை இறங்கி வரச் சொன்னேன். கிரேனை ஓரம் கட்டிவிட்டு ஏணியில் வேகவேகமாக இறங்கி வந்தார். கதவைத் திறந்தவர் தேசிங்கைப் பார்த்ததும் அப்படியே நின்றுவிட்டார்.

"டில்லிபாபு, ஜூஸ் எவ்வளவு குடிச்சீங்க?"

"ஃபுல் கிளாஸு சிஸ்டர்."

"கசந்துச்சா?"

முழித்தார். "கொஞ்சமா."

இரண்டு கிளாஸ் குடித்த தேசிங்கு ஒரிஜினல் சரக்கு என்கிறார், இவர் கொஞ்சமா என்கிறார். எனக்கு உடனே உறைத்தது. அவர் கையைப் பிடித்து தேசிங்கின் கட்டிலுக்குப் பக்கத்தில் இழுத்துக்கொண்டு போனேன். "இவரைப் பாருங்க. வண்டி வர்றதுக்குள்ள நான் டாக்டருக்குப் பதில் சொல்லணும். நீங்க குடிச்சிருந்தா நான் கேஸுன்னு சொல்லி மொத்த ஆலையையும் காலி பண்ணணும். குடிக்கலைன்னா இவங்க உள்ளே போனது என்னன்னு எனக்குத் தெரியும். குடிச்சீங்களா, இல்லையா?"

அறையே அவரைப் பார்த்தது. வாசலில் எச்.ஆர். தம்பி, சாலமன், பாதி செக்‌ஷன்.

"அது என் ஊட்டுக் காய் சிஸ்டர். நான் கொண்டாந்து குடுத்து நான் குடிக்கலன்னா இவனுங்க இன்னா நெனப்பானுங்க? வெசம் வெச்சேன்னு சொல்ல மாட்டானுங்களா? கிரேனும் போயிரும்."

"குடிச்சீங்களா?"

"குடிக்கல." அப்புறம் கையெடுத்துக் கும்பிட்டார். "இன்னிக்குன்னு இல்ல சிஸ்டர். ஒரு நாளும் குடிக்கல. மொத நாளு ஒரு வாய் வெச்சேன், உசுரே போயிட்ச்சி. அப்பலேர்ந்து வாசல்ல கீற குரோட்டன்ஸ் தொட்டில ஊத்திகினு இருந்தேன். ஊட்டுக்காரி நாஷ்டா டப்பாலயே மாத்திரைய வெச்சி அனுப்புவா. மேல போயி சாப்ட்டு, மாத்திரைய போட்டுக்குவேன்."

எச்.ஆர். தம்பி மெதுவாகத் திரும்பி, கேன்டீன் வாசலில் இருந்த படத்தைப் பார்த்தார். படத்துக்குக் கீழேயே அந்தத் தொட்டி இருந்தது.

ஜக்கைக் கொண்டுவரச் சொன்னேன். நல்லவேளை, அடுத்த ஷிஃப்ட்டில் கேட்கிறவர்களுக்கென்று சாலமன் மீதியை ஃபிரிட்ஜில் பத்திரமாக வைத்திருந்தார். விரலில் தொட்டு நாக்கு நுனியில் வைத்து, உடனே துப்பி வாய் கொப்பளித்தேன். அந்தக் கசப்பு காது வரைக்கும் ஏறிற்று. சாலமன் தலையில் அடித்துக்கொண்டார். "கூட்டுக்கு வெட்டினா ஒரு துண்டு கடிச்சிப் பாக்காம சட்டில போட மாட்டேன் சிஸ்டர். இது மருந்துதானே, எப்படியும் கசக்கத்தானே போவுதுன்னு வுட்டுட்டேன்."

பாகற்காய் கசப்பது அதன் பிறவிக் குணம். சுரைக்காயோ வெள்ளரியோ பீர்க்கங்காயோ கசந்தால் அது விஷம். சில கொடியில், அதிலும் தானாக முளைத்த கொடியில், அப்படி வந்துவிடுவதுண்டு. வெளியே பார்த்தால் தெரியாது, வேகவைத்தாலும் போகாது, முறிவு மருந்தும் கிடையாது. கறியாக இருந்தால் ஒரு வாயோடு நிறுத்திவிடுவோம். ஜூஸாக அடித்தால் முழுக் காயும் ஒரே மடக்கில் உள்ளே போய்விடும். போனில் டாக்டரிடம், "கசந்த சுரைக்காய் ஜூஸ், நாலு பேர், ஒருத்தர் இரண்டு கிளாஸ்" என்றேன். "உடனே அனுப்புங்க. டிரிப்ஸ் ரெடியா வெக்கிறோம்" என்றார். வண்டியும் வந்துவிட்டது.

ஸ்ட்ரெச்சரில் ஏற்றும்போது தேசிங்கு கண்ணைத் திறந்தார். நான் குனிந்து, "தைரியமா இருங்க, ஒண்ணும் ஆகாது" என்றேன். அவர் பார்வை என்னைத் தாண்டி டில்லிபாபுவிடம் போயிற்று. சத்தமே இல்லாத குரலில், "அப்ப அந்தாளுக்குச் சக்கர கொறஞ்சது மாத்திரைலயா?" என்று கேட்டார். அந்த நிலைமையிலும் விஷத்தைவிட அதுதான் அவருக்கு வலித்தது.

மூன்று பேர் மறுநாளே எழுந்து உட்கார்ந்தார்கள். தேசிங்கு இன்னும் சில நாள் படுத்திருந்தார். டில்லிபாபு தினமும் ஷிஃப்ட் முடிந்து போய் மருத்துவமனை வாசலில் நிற்பாராம், உள்ளே போகாமல் திரும்பிவிடுவாராம். ஆலையில் அவரோடு யாரும் பேசவில்லை. படத்தை எச்.ஆர். தம்பி கழற்றிவிட்டார், சுவரில் நாலு ஆணி ஓட்டை மட்டும் இருந்தது.

பரிசோதனை நாளன்று அவர் டாக்டர் அறை வாசலில், கிரேன் கேபினில் வைத்திருந்த துண்டையும் தண்ணீர் பாட்டிலையும் ஏற்கெனவே மடியில் எடுத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். ஸ்டோருக்குப் போகத் தயாராக வந்துவிட்டார். டாக்டர் ரிப்போர்ட்டைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், அவரைப் பார்த்தார். "மாத்திரையை ஒரு நாள் விடாம போட்டிருக்காரு. நேரத்துக்குச் சாப்பிட்டிருக்காரு. சர்க்கரை கட்டுக்குள்ள இருக்கு. இந்த ஆலையிலேயே நான் சொன்னதைக் கேட்ட ஒரே ஆளு இவருதான். இவரை எதுக்கு இறக்கணும்?" என்றார். டில்லிபாபு அழுதுவிட்டார். எனக்கும் கண் கலங்கியது, ஆனால் நான் முறைத்துக்கொண்டே நின்றேன்.

கிரேன் தங்கியது, ஆட்கள்தான் போய்விட்டார்கள். கேன்டீனில் அவர் உட்கார்ந்தால் பக்கத்துப் பெஞ்சு காலியாகும். முதல் நாள் வாயில் வைத்த பாகற்காய் ஜூஸைவிட அது மோசமாக இருந்தது என்று பின்னால் என்னிடம் சொன்னார்.

தேசிங்கு திரும்பி வந்த முதல் நாள், டீ இடைவேளையில் கேன்டீனே வேடிக்கை பார்க்கக் கூடிவிட்டது. ஏதாவது கைகலப்பு வந்தால் என்ன செய்வது என்று நானும் பஞ்சும் மருந்துமாகப் போய் நின்றேன். தேசிங்கு இளைத்துப் போயிருந்தார். சாலமனைக் கூப்பிட்டு ஒரு பாகற்காயை எடுத்து, முதலில் அவரையே ஒரு துண்டு கடிக்கச் சொன்னார். அப்புறம் சின்னக் கிளாஸில் கால்வாசி ஜூஸ் போடச் சொன்னார். என் பக்கம் திரும்பி, "சிஸ்டர், நைனா நாஷ்டா சாப்ட்டுகினு, மாத்திரையும் போட்டுகினு கீறாரு. இம்மாத்தூண்டு குடிச்சா ஒண்ணும் ஆவாதில்ல?" என்று கேட்டார். எனக்கு அங்கேயே பாதி உயிர் வந்துவிட்டது. இந்த ஆள் கேள்வி கேட்கக் கற்றுக்கொண்டுவிட்டார். ஆகாது என்றேன்.

கிளாஸை டில்லிபாபுவிடம் நீட்டினார். "குடி நைனா. சூரியன் எல்லாம் வாணாம். எங்களைப் பாத்து குடி."

டில்லிபாபு வாங்கினார். கண்ணை மூடிக்கொண்டு வாயில் ஊற்றினார்.

அப்படி ஒரு முகத்தை நான் என் சர்வீஸில் பார்த்ததில்லை. கண் இரண்டும் உள்ளே போயின, மூக்கு ஏறிற்று, வாய் ஒரு காதுக்குப் போய்த் திரும்பி மறு காதுக்கு வந்தது, தோள் குலுங்கியது, காலைத் தரையில் உதைத்தார். "யம்மாடி!" என்று கத்திவிட்டு வாசலுக்கு ஓடித் தொட்டிக்குப் பக்கத்தில் துப்பினார். கேன்டீன் கூரை அதிர்கிற மாதிரி சிரித்தது. சாலமன் சிரித்துச் சிரித்துக் கரண்டியைக் கீழே போட்டார்.

தேசிங்கு மட்டும் சிரிக்கவில்லை. டில்லிபாபு வாயைத் துடைத்துக்கொண்டு வந்ததும், அவர் தோளில் கையைப் போட்டு, கண்ணில் தண்ணீரோடு சொன்னார்:

"யோவ் நைனா, இந்த மூஞ்சிய மொத நாளே எங்களுக்குக் காட்டியிருந்தா நாங்க நாலு பேரும் தப்பிச்சிருப்போமேய்யா."

சட்டம் சட்டம்தான் என்று டீ கேனை எடுத்து அவர் கையில் கொடுத்தார்கள். டில்லிபாபு அதைத் தூக்கிக்கொண்டு செக்‌ஷன் முழுக்கப் போனார். ஒருவர் விடாமல் எல்லாரும் அவர் கையால் டீ வாங்கிக் குடித்தார்கள்.